அட்டைக்காரர் நிறுத்திவைத்த கப்பி

சுங்க அலுவலகத்தின் இரண்டாம் தளத்தில், இரும்பு எஃகுச் சாமான்களுக்கு வகை சொல்லும் அறையில், இருபத்தெட்டு ஆண்டுகளாக ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பு இது. இத்தனை ஆண்டுகளில் அந்த நாற்காலியை மூன்று முறை மாற்றினார்கள். அதன்மேல் இருந்ததை மாற்ற யாராலும் முடியவில்லை.

கப்பலில் வந்து இறங்கும் எந்த இரும்புத் துண்டும் ஊருக்குள் கால் வைக்குமுன், தான் யார் என்பதை அவர் முன்னால் ஒப்புக்கொண்டாக வேண்டும். போல்ட்டா, வாஷரா, குழாய் மூட்டா, பற்சக்கரமா, அல்லது பற்சக்கர வேஷம் போட்ட வேறு ஏதாவதா என்று அவர் தீர்ப்புச் சொல்வார். அதற்கென்று தலையணை கனத்தில் ஒரு புத்தகம் உண்டு. தீர்வை அட்டவணை என்று பெயர். ஒவ்வொரு பக்கத்திலும் இடது ஓரத்தில் எட்டு இலக்கத்தில் ஓர் எண், நடுவில் சாமானின் பெயர், வலது ஓரத்தில் வரி. உலகத்தார் அனைவரும் அந்தப் புத்தகத்தை வலமிருந்து இடமாகப் படிப்பார்கள். எங்கே வரி குறைவு என்று முதலில் பார்ப்பார்கள். பிறகு தங்கள் சாமானுக்கு அந்தப் பெயரைச் சூட்டுவார்கள்.

நம்மவர் அப்படியல்ல. சட்டை வாங்கிய பெட்டியிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்கு ஓர் அட்டையை நீளமாக வெட்டி வைத்திருந்தார். புத்தகத்தைத் திறந்ததும் வலது ஓரத்தை அந்த அட்டையால் மூடிவிடுவார். வரி எவ்வளவு என்று கணக்குப் போடுவது பக்கத்து அறைக்காரரின் வேலை. அந்தப் பாவம் தன் கண்ணில் பட வேண்டாம் என்பது அவருடைய விரதம். "வலது பக்கத்தைப் பாத்துட்டு இடது பக்கத்தைப் படிக்கிறவன் ஆபீசர் இல்ல, தரகன்" என்பார். அவருடைய அறையில் சதவீதம் என்ற சொல்லே புழங்கக் கூடாது. இறக்குமதியாளர்களுக்காகச் சரக்கை விடுவித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜெண்ட், தன் மகள் பரீட்சையில் தொண்ணூறு சதவீதம் வாங்கிய சந்தோஷத்தைச் சொல்லப்போய், அவருடைய ஃபைல் ஒரு வாரத்துக்கு அடுக்கின் அடியில் போனது.

இதனால் அவருக்கு அட்டைக்காரர் என்ற பெயர் நிலைத்தது. அது காகித அட்டையா, காலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் அட்டையா என்பதில் ஏஜெண்டுகளுக்குள் இரண்டு கட்சி இருந்தது. இரண்டாம் கட்சிக்கு ஆள் பலம் அதிகம்.

இன்னும் இரண்டு கொள்கைகள் அவருக்கு உண்டு. ஒரு சாமான் எதற்குப் பயன்படும் என்று யாரும் அவரிடம் சொல்லக் கூடாது. ஆகாய விமானத்துக்கென்றே செய்த போல்ட்டும் போல்ட்தான், ஆட்டுத் தொழுவத்துக்குச் செய்ததும் போல்ட்தான். சட்டமும் ஏறக்குறைய அப்படித்தான் சொல்கிறது. ஆனால் சட்டம் அதைச் சொல்லும்போது முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சி இருக்காது. இரண்டாவது, 'மற்றவை' என்ற தலைப்பை அவர் வாழ்நாளில் தொட்டதில்லை. புத்தகத்தின் ஒவ்வோர் அத்தியாயமும் எங்கும் அடங்காத சாமான்களுக்காக 'மற்றவை' என்று ஒரு வரியோடு முடியும். அதைச் சோம்பேறிகளின் சத்திரம் என்று அவர் வர்ணிப்பார். வீட்டிலும் அப்படித்தான். ரப்பர் வளையம், தீர்ந்த பேனா, சாவி இல்லாத பூட்டு எல்லாம் ஒன்றாகக் கிடக்கும் ஓர் இழுப்பறை எந்த வீட்டிலும் இருக்கும். அவர் வீட்டில் இல்லை. அவருடைய டெலிபோன் நோட்டில் மனைவியின் அக்காவைத் தேட வேண்டுமானால் உறவினர், மனைவி வழி, பெண், மூத்தவர் என்று நான்கு படி இறங்க வேண்டும். அக்காவே இதைக் கேள்விப்பட்டு, "நான் செத்தா உன் வீட்டுக்காரர் என்னை எந்தப் பக்கத்துக்கு மாத்துவாருன்னு கேட்டு வை" என்று தங்கையிடம் சொல்லிச் சிரித்தாராம்.

அந்தத் தங்கைக்கு, அதாவது அட்டைக்காரரின் மனைவிக்கு, முழங்கால் இரண்டும் போய்விட்டன. வீட்டுக்குள் கம்பூன்றி நடப்பார். படி என்றால் ஒன்றுகூட முடியாது. அவர்கள் குடியிருந்ததோ ஆறாம் மாடி. லிஃப்ட் இருக்கும்வரை ஆறாம் மாடியும் தரைதான். ஒரு நாள் அந்த லிஃப்ட், கூண்டைத் தூக்கும் கம்பிவடங்கள் ஓடுகிற பெரிய கப்பியில் விரிசல் விட்டு நின்றுபோனது. புதுக் கப்பி வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், இரண்டு மாதம் பொறுங்கள் என்றது லிஃப்ட் கம்பெனி. பொறுத்தார்கள். கப்பியும் சொன்ன தேதிக்குக் கப்பலில் வந்து இறங்கியது. இறங்கி, அட்டைக்காரரின் மேஜைக்கு வந்தது.

மரப்பெட்டியைத் திறந்தபோது உள்ளே மூன்று சாண் விட்டத்தில், விளிம்பைச் சுற்றி ஏழு பள்ளங்கள் ஓடிய, எண்ணெய் பூசிய எஃகுச் சக்கரம் ஒன்று இருந்தது. காகிதத்தில் 'லிஃப்ட்டின் பாகம்' என்று போட்டிருந்தது. இது என்ன என்று ஏஜெண்டிடம் கேட்டார். லிஃப்ட்டில் மாட்டுவது என்றார் ஏஜெண்ட். எதற்கு என்று கேட்கவில்லை, என்ன என்று கேட்டேன் என்றார் இவர்.

"கப்பி சார்."

"அப்பறம் ஏன் லிஃப்ட்டுன்னு எழுதியிருக்கீங்க?"

"லிஃப்ட்டுலதான் சார் மாட்டப் போறாங்க."

"நாளைக்கு யாராவது இதைக் கழுத்துல மாட்டிக்கிட்டா நகைன்னு எழுதுவீங்களா?"

ஏஜெண்ட் பழுத்த ஆள். சண்டை வேண்டாமே என்று, "சரிங்க சார், கப்பின்னே போட்டுக்கலாம்" என்று உடனே இறங்கி வந்தார். அங்கேதான் தவறு நிகழ்ந்தது. இருபத்தெட்டு ஆண்டுகளில் எந்த ஏஜெண்டும் ஒரு தலைப்பை இப்படிக் கேட்டவுடன் தாரை வார்த்ததில்லை. மல்லுக்கட்டுவார்கள், கண் கலங்குவார்கள், முதலாளியின் நெஞ்சுவலியைச் சொல்வார்கள். இவன் ஏன் சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுக்கிறான்? கப்பி என்பதில் இவனுக்கு ஏதோ பெரிய லாபம் இருக்க வேண்டும். அல்லது பெட்டிக்குள் கப்பியைவிடப் பெரிய விஷயம் ஒளிந்திருக்க வேண்டும்.

ஏஜெண்ட் விளக்கப் பார்த்தார். "அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல சார். அந்த வலது பக்கத்த மட்டும் கொஞ்சம் பாத்தீங்கன்னா..."

அட்டைக்காரர் கையை உயர்த்தினார். அட்டையின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டார். 'அதிகாரியின் மனத்தைக் கலைக்க முயன்றார்' என்று ஃபைலில் எழுதி, ஏஜெண்டுக்கு ஒரு மெமோ கொடுத்தார். செய்த கம்பெனியிடம் வரைபடம் கேட்டுக் கடிதம் போனது. சக்கரத்திலிருந்து நகக்கண் அளவு சுரண்டி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். நாலு திசையிலிருந்தும் போட்டோ எடுத்தார்கள், ஏதோ பெண் பார்ப்பதுபோல. பெட்டி கிடங்குக்குப் போனது. ஏஜெண்ட் அதன்பின் வாயைத் திறக்கவில்லை. மகளின் மார்க்கு விவகாரத்தில் ஒரு வாரம் அடிபட்டவர் அவர்தான்.

மூன்றாம் வாரம், குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் ஆறு மாடி ஏறி வந்தார். பாங்கில் மானேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். வந்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் மூச்சு மட்டும் விட்டார். பிறகு, லிஃப்ட்டுச் சாமான் சுங்கத்தில் மாட்டியிருக்கிறதாம், நம்ம சார் அங்கேதானே, ஒரு வார்த்தை சொன்னால் நடக்கும் என்று ஒரு சீட்டை நீட்டினார். அதில் பெட்டியின் எண் இருந்தது. அட்டைக்காரருக்கு அந்த எண் மனப்பாடம்.

"அது என் மேஜைலதான் இருக்கு" என்றார்.

செயலாளர் கும்பிடாத குறை. சமையலறை வாசலில் கம்பூன்றி நின்ற மனைவியின் முகத்தில் இரண்டரை மாதத்துக்குப் பிறகு வெளிச்சம் வந்தது.

"ஆனா நீங்க இதை எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாது" என்று அட்டைக்காரர் தொடர்ந்தார். "தெரியாம இருந்திருந்தா ரெண்டு நாள்ல முடிச்சிருப்பேன். இப்ப நம்ம வீட்டு லிஃப்ட்டுன்னு தெரிஞ்சுபோச்சு. இனிமே எதையும் விடாம பாத்தாகணும்."

ஃபைலை அடுத்த மேஜைக்குத் தள்ளிவிடலாமே என்று செயலாளர் கேட்டார். பாங்கில் அப்படிச் செய்வதுண்டாம். அடுத்த மேஜைக்காரருக்குக் கப்பிக்கும் கதவுப் பிடிக்கும் வித்தியாசம் தெரியாது என்றார் அட்டைக்காரர். அந்த அடுத்த மேஜைக்காரர் தானே வலிய வந்து ஃபைலைக் கேட்டதையும், இவர் அதைத் தொடையின் கீழ் வைத்துக்கொண்டு சாப்பிட்டதையும் செயலாளரிடம் சொல்லவில்லை.

இந்த நேரத்தில்தான் அக்கா படுத்தார். ரயிலில் ஆறு மணி நேரத் தொலைவில், ஆஸ்பத்திரியில், இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட நிலை. தாயில்லாத தங்கையைத் தூக்கி வளர்த்த அக்கா. ஒரு தடவை வந்துவிட்டுப் போ என்று போனில் சொன்னார். மறுநாளும் சொன்னார். மூன்றாம் நாள் அக்காவின் மகள் சொன்னாள்: "சித்தி, அம்மா உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருக்காங்க. டாக்டர் நாள் எண்ணச் சொல்லிட்டாரு."

ஆளைத் தூக்கிக்கொண்டாவது இறக்கிவிடலாம் என்று செயலாளர் ஏற்பாடு செய்தார். காவலாளி, செயலாளரின் இரண்டு மகன்கள், மூன்றாம் மாடியில் தினம் இரும்புக் குண்டு தூக்கும் ஒருவர், ஆக நான்கு பேர். சாப்பாட்டு மேஜை நாற்காலியில் மனைவியை உட்காரவைத்து, இடுப்பில் புடவையைச் சுற்றிக் கட்டினார்கள். அட்டைக்காரர் அளவு நாடாவோடு மேலே நின்று வழிநடத்தினார். ஐந்தாம் மாடி கடந்தது. நாலாம் மாடித் திருப்பத்தில் நாற்காலியின் கால் கைப்பிடிக் கம்பிக்குள் மாட்டிக்கொண்டது. முன்பக்கமாகத் திருப்புங்கள் என்றார் அட்டைக்காரர். எது சார் முன்பக்கம் என்று குண்டு தூக்குபவர் கேட்டார். அவர் முகமெல்லாம் வியர்வை. நாற்காலிக்கு முன்பக்கம் என்பது உட்காருபவர் முகம் பார்க்கும் திசையா, போகும் திசையா என்று அட்டைக்காரர் யோசிக்கத் தொடங்கினார். யோசித்து முடிக்குமுன் காவலாளியின் பிடி நழுவியது. மனைவியின் வலது முழங்கால் சுவரில் மோதியது. அவர் போட்ட சத்தத்தில் நாலாம் மாடியின் எல்லாக் கதவும் திறந்தன.

இனி கீழே இறக்க முடியாது, மேலேதான் போக வேண்டும் என்று முடிவானது. அதற்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. நடுவில் ஒரு தடவை இளைப்பாற இறக்கி வைத்தபோது மனைவி கணவனைப் பார்த்து, "என்னை இங்கயே கிடங்குல வச்சுடுங்க. நோட்டீஸ் ஒட்டிட்டு அப்பறமா எடுத்துக்கலாம்" என்றார். நாலு பேரும் சிரித்தார்கள். அவர் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

அதன்பின் அவர் கட்டிலைவிட்டு அதிகம் எழவில்லை. ஒரு மாலை அட்டைக்காரர் வீடு திரும்பியபோது, கட்டிலின் ஒரு காலுக்கு முட்டுக் கொடுத்திருந்த பழைய தீர்வைப் புத்தகம் மனைவியின் மடியில் இருந்தது. கட்டில் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. வீட்டுப் பிரதியின் வலது ஓரத்தை மறைக்க அட்டை கிடையாது.

கப்பி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டார் மனைவி. சொன்னார். லிஃப்ட்டின் பாகம் எந்தப் பக்கம் என்று கேட்டார். அதையும் சொன்னார், இத்தனை ஆண்டில் மனைவி தன் வேலையைப் பற்றிக் கேட்பது இதுதான் முதல் தடவை என்று அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மனைவி விரலை வைத்து நிதானமாகப் படித்தார்.

"இதுக்கு ஏழரை. அதுக்கும் ஏழரை."

அட்டைக்காரர் சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினார்.

"ரெண்டும் ஒண்ணுதானேங்க? அப்ப எதுக்கு நிறுத்தி வச்சிருக்கீங்க?"

"அது போன வருஷத்துப் புஸ்தகம்" என்றார்.

மறுநாள் அலுவலகத்தில், அறையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, இந்த வருஷப் புத்தகத்தைத் திறந்து, இருபத்தெட்டு ஆண்டுகளில் முதன்முறையாக அட்டையைத் தூக்கினார். பிணவறையில் முகத்துணியைத் தூக்கிப் பார்ப்பவர்போல ஓரத்தைப் பிடித்து, கொஞ்சமாக. ஏழரை. நூறு பக்கம் புரட்டி இன்னொரு தடவை தூக்கினார். அங்கேயும் ஏழரை. எவனையும் விடாத எண் அது, இவரை மட்டும் விடுமா? ஏஜெண்ட் ஏன் சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுத்தான் என்பது இப்போது விளங்கியது. அவனுக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. பெட்டியில் கப்பியைத் தவிர எதுவும் இல்லை. அரசாங்கத்துக்கு ஒரு தம்படி கூடவும் போவதில்லை, குறையவும் போவதில்லை.

பெட்டியை அன்றைக்கே விட்டிருக்கலாம். 'வரியில் வேறுபாடு இல்லை, விடுவிக்கலாம்' என்று ஒரு வரி எழுதினால் போதும். ஆனால் அந்த ஒரு வரியைப் படிக்கும் எவனும், இதை இத்தனை வாரம் இவர் பார்க்கவில்லையா என்று கேட்பான். அடுத்த மேஜைக்காரர் வாய்விட்டே கேட்பார். அட்டை என்பது நேர்மையா, முட்டாள்தனமா என்று இரண்டு கட்சி புதிதாகப் பிறக்கும். ஆய்வுக்கூடத்தின் பதில் எப்படியும் வரத்தானே போகிறது, அது வந்ததும் அதன் பேரில் கௌரவமாக விட்டுவிடலாம் என்று முடிவு செய்தார். அட்டையை அதன் இடத்தில் வைத்து, நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

வீட்டில் மனைவி கேட்டபோது, பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றார். அது பொய்யல்ல.

பதில் வரப் பதினோரு நாள் ஆனது. ஒன்பதாம் நாள் அக்கா போய்விட்டார்.

தகவல் வந்த காலையில் அட்டைக்காரர் உடை மாற்றிக்கொண்டிருந்தார். நீங்களாவது ஒரு நாள் லீவு போட்டுப் போய்விட்டு வாருங்கள் என்று மனைவி கேட்டார். துக்க விடுப்புக்கு யார் யார் தகுதி என்று ஒரு பட்டியல் இருக்கிறது. மனைவியின் பெற்றோர்வரைதான் அதில் உண்டு.

"பட்டியல்ல அக்கா இல்ல" என்றார்.

அக்காவின் மகள் போனைச் சவத்தின் தலைமாட்டில் வைத்தாள். ஆறாம் மாடியில், சாய்ந்த கட்டிலில் உட்கார்ந்து, மனைவி இந்தப் பக்கத்துப் போனைக் காதில் வைத்துக்கொண்டார். யார் யாரோ வந்து அழும் சத்தமும், நாற்காலி இழுக்கும் சத்தமும், வண்டி வந்தாச்சா என்று ஓர் ஆண் குரலும் கேட்டன. தூக்குங்க, தூக்குங்க, திருப்பத்துல பாத்து என்று சொல்வதும் கேட்டது. அக்காவைச் சிரமமில்லாமல் வாசல்படி இறக்கிவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து ஆய்வுக்கூடத்தின் கடிதம் வந்தது. சுரண்டி அனுப்பிய மாதிரி எஃகு என்று தெரிகிறது என ஒரே வாக்கியம். அட்டைக்காரர் இரண்டரைப் பக்கத்துக்கு உத்தரவு எழுதினார். கப்பி எங்கே மாட்டப்பட்டாலும் கப்பியே என்று நிறுவினார். சட்டப்படி அதில் ஓர் எழுத்தைக் குறை சொல்ல முடியாது. தலைமை அலுவலகம் பின்னால் அதை மாதிரி உத்தரவு என்று எல்லாத் துறைமுகங்களுக்கும் சுற்றுக்கு அனுப்பியது. பெட்டி விடுதலையானது.

அடுத்த வாரம் மெக்கானிக் வந்து கப்பியை மாட்டினார். விடுமுறை நாள் காலை. ஆறாம் மாடியில் கூண்டின் கதவு திறந்தபோது, அட்டைக்காரரின் மனைவி நல்ல புடவை கட்டி, கம்பை ஊன்றி, இரண்டு பைகளோடு வாசலில் நின்றார்.

"எங்க கிளம்பிட்ட?"

"அக்கா வீட்டுக்கு."

"அதான் எல்லாம் முடிஞ்சுபோச்சே. இனிமே எதுக்கு?"

மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தார். "எதுக்குன்னு கேக்குற பழக்கம் உங்களுக்கு எப்ப வந்துச்சு?"

கூடவே ஏறப்போனவரை மெக்கானிக் தடுத்தார். முதல் ஓட்டம், ஒருவர் மட்டும்தான் என்றார். பைகளை மெக்கானிக்கே உள்ளே வைத்தார். கதவு மூடியது. ஏழு பள்ளங்களிலும் வடங்கள் வழுக்கிக்கொண்டு ஓடும் சத்தம் மேலே கேட்டது, அருமையான கப்பி. அட்டைக்காரர் படியில் ஓடினார். ஐந்தாம் மாடி கடந்து, நாலாம் மாடித் திருப்பத்தில், நாற்காலி கிழித்த சுவரில் கையூன்றி மூச்சு வாங்கி, மறுபடி ஓடிக் கீழே வந்தபோது வாசலில் டாக்ஸி நின்ற இடத்தில் எண்ணெய்ச் சொட்டு மட்டும் இருந்தது.

"அடுப்ப அணைச்சாச்சாம் சார்" என்றார் காவலாளி. "அம்மா சொல்லச் சொன்னாங்க."

ஒரு மாதம் பொறுத்து அக்காவின் மகள் போன் செய்தாள். சித்தியின் சாமான்களை அனுப்பி வையுங்கள் சித்தப்பா என்றாள். சித்தியிடம் பேசலாமா என்று கேட்டதற்கு, சித்தி மாடிக்குப் போயிருக்காங்க என்றாள். அந்த வீட்டுக்கு மாடி கிடையாது.

அட்டைக்காரர் லீவு போட்டு, எல்லாவற்றையும் ஓர் அட்டைப்பெட்டியில் அடுக்கி, பார்சல் அலுவலகத்துக்கு எடுத்துப் போனார். கவுண்டரில் இருந்த பெண் தராசில் வைத்து எடை பார்த்துவிட்டு உள்ளே என்ன என்று கேட்டாள். அவர் சட்டைப் பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்தார். நாற்பத்தொரு சாமான்கள், வரிசை எண்ணோடு: புடவை, பருத்தி, நெய்தது, முழங்கால் பட்டை, எஃகுப் பட்டை தைத்தது, கண்ணாடிக் கூடு, காலி.

"இவ்வளவெல்லாம் வேணாம் சார். இதர சாமான்னு போட்டுக்கறேன்."

"இதரன்னு எதுவும் இல்லம்மா" என்றார். அவருடைய குரல் உயர்ந்தது. "எல்லாத்துக்கும் பேர் இருக்கு."

பின்னால் வரிசை நீண்டிருந்தது. ஒருவர் இருமிக் காட்டினார். பெண் பேனாவை வைத்துவிட்டு, குழந்தைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள்: "நீங்க என்ன எழுதினாலும் சார்ஜ் ஒண்ணுதான் சார். இங்க எடைக்குத்தான்."

அவர் தராசைப் பார்த்தார். பிறகு தாளை மறுபடி எடுத்துப் படித்தார். கண்ணாடிக் கூடு பிளாஸ்டிக்கா, தகரமா என்று எழுத விட்டுப்போயிருந்தது. பெட்டியைப் பிரிக்க வேண்டும், ஒரு கத்தரிக்கோலும் இன்னொரு தாளும் கிடைக்குமா என்று கேட்டார்.